தொண்ணூற்றொன்பது சத்தங்கள்

“முப்பத்தேழாம் நம்பர மிதிங்க டீச்சர். ‘மழைச்சாரல்’. கேட்டீங்களா, எப்படி ஈரமா வருதுன்னு?”

அம்பிகா கிதாரை ஒருமுறை மீட்டினாள். காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பூபதியைப் பார்த்தாள்.

“வருதுங்கண்ணா.”

“இப்ப முப்பத்தெட்டு. ‘பிரிவுத்துயர்’. வித்தியாசம் தெரியுதுல்ல?”

“பேரு நல்லா இருக்குங்கண்ணா.”

சரியான ஞானசூனியம் என்று பூபதி மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

கம்பைநல்லூர் மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடமாகக் கிதார் வாசிப்பவன் அவன். வாசிப்பவன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவனுடைய உயிரெல்லாம் கிதாரின் சத்தத்தை மாற்றித் தரும் அந்தக் கால்மிதிப் பெட்டியில்தான் இருந்தது. உள்ளே முன்கூட்டியே அமைத்து வைத்த தொண்ணூற்றொன்பது சத்தங்கள், அவன் பாஷையில் ப்ரீசெட்டுகள். சத்தத்துக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு பெயர்.

பெட்டி குழுத் தலைவர் தீர்த்தகிரியின் வீட்டில் இருக்கும். ஞாயிறு தவறாமல் பூபதி லேப்டாப்போடு அங்கே ஆஜராகிவிடுவான். ஒரு வாரம் அகர வரிசையில் அடுக்குவான். மறுவாரம் அதைக் கலைத்து ராக வரிசையில் அடுக்குவான். முடித்ததும் லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மனைவி ஜெயபிரியாவின் போனில் ஒன்று என மூன்று பேக்கப் எடுப்பான். போன வாரத்து பேக்கப்பை அன்றே அழித்துவிடுவான். கேட்டால், “குப்ப சேரக் கூடாது” என்பான். போனில் இடம் போதாமல் மகளின் காதுகுத்து வீடியோ போனதற்கு ஜெயபிரியா இன்னும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை.

இவ்வளவு வேலைக்கு நடுவில் கிதார் பழக நேரம் ஏது? மேடையில் குனிந்து நம்பரைத் தேடுவான். நிமிரும்போது பல்லவி முடிந்திருக்கும்.

போன வாரம் தீர்த்தகிரி பொறுமை இழந்துவிட்டார். “தீர்த்தமலைக் கச்சேரிக்கு டீச்சர் வாசிக்கட்டும் பூபதி. நீ பொட்டிய மட்டும் அவங்களுக்குக் காட்டிக் குடு.”

டீச்சர் என்றது அரூரில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் அம்பிகாவை. அவள் பெட்டி இல்லாமலேயே நன்றாக வாசிப்பாள். பூபதிக்கு வயிறு எரிந்தது. இன்று மாலைக் கச்சேரியில் அவள் நன்றாக வாசித்துவிட்டால் பதினோரு வருட இடம் போனதுதான். அவள் மானம் கப்பலேற வேண்டும். தீர்த்தகிரி அவனைத் தேடி வீட்டு வாசலுக்கு வரவேண்டும்.

அம்பிகா டீ குடிக்கப் போன சமயம் பார்த்து லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டினான். பெயர்களைத் தொடவில்லை. உள்ளே இருந்த சத்தங்களை மட்டும் இடம் மாற்றினான். ‘தாலாட்டு’க்குள் ‘சுடுகாடு’. ‘பக்திப் பரவசம்’ இருந்த இடத்தில் ‘முதலிரவு’. இப்படியே தொண்ணூற்றொன்பதையும் கலக்கிவிட்டு, சரியான அடுக்கு இருந்த பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.

மாலையில் தீர்த்தமலை அடிவாரத்துத் திருவிழா மேடைக்கு எதிரே, முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தான்.

தாலாட்டுப் பாட்டு வந்தது. அம்பிகா பெட்டியை மிதித்தாள். பூபதி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

கிதார் தேனாக ஒழுகியது. பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை நிஜமாகவே தூங்கிப் போனது. அடுத்து பக்திப் பாட்டு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கச்சேரி முடியும்வரை ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டுகூடக் கெடவில்லை.

பூபதி மேடைக்குப் பின்னால் ஓடினான்.

“டீச்சர், தாலாட்டுக்கு எந்த நம்பர மிதிச்சீங்க?”

“கவனிக்கலீங்கண்ணா. காலுக்குப் பக்கத்துல இருந்தத மிதிச்சேன்.”

“அதெப்படிங்க? நான்தான் எல்லாத்தையும் மாத்தி வெச்...” நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வயர் சுற்றிக்கொண்டிருந்த தீர்த்தகிரி கடகடவென்று சிரித்தார்.

“மாத்துனியா? நல்லா மாத்து. ரெண்டு வருசம் முன்ன ஏரியூர் கல்யாண வரவேற்புல, பொண்ணு மாப்ள மேடையேறப்ப நீ ‘சுடுகாட்ட’ மிதிச்சியே, ஞாபகம் இருக்கா? பொண்ணு வூட்டுக்காரங்க அடிக்க வந்தாங்க. மறுநாளே ஒன்னாம் நம்பர் சத்தத்த எடுத்துத் தொண்ணூத்தொம்பது நம்பர்லயும் காப்பி பண்ணி வெச்சிட்டேன். நீ ஆசையா வெச்ச பேரு, அத மட்டும் அழிக்க மனசு வரல.”

பூபதியின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

“அட, அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போடற?” என்று அவன் தோளில் தட்டினார் தீர்த்தகிரி. “ஒன்னோட பழைய சத்தமெல்லாம் எங்க போயிடப் போவுது? நீதான் வாரா வாரம் பேக்கப் எடுப்பியே!”