கெட்ட ரத்தக் கமிட்டி

குட்டையில் இருந்த அட்டை ஒன்று, பப்பாளித் தண்டை வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கும் மிஷின் செய்தது. மிஷின் நல்லதுதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு கமிட்டி போட்டார்கள். கொசு தலைவர், மாட்டு ஈ உறுப்பினர். ரத்த விஷயத்தில் அவர்களைவிட அனுபவசாலிகள் யார் இருக்கிறார்கள்?

சோதனைக்கு எருமை வந்து நின்றது. அட்டை தண்டை அதன் முதுகில் செருகியது. கமிட்டி மறுமுனையில் வாயை வைத்துத் தரம் பார்த்தது. திரும்பத் திரும்பப் பார்த்தது.

"எனக்குத் தலை சுத்துதுங்க," என்றது எருமை.

"கெட்ட ரத்தம் போறப்ப அப்படித்தான் இருக்கும்," என்றது அட்டை.

"பலன் தெரியுதா?" என்று ஈயைக் கேட்டது கொசு.

"நல்லாத் தெரியுது தலைவரே. வந்தப்ப இருந்த சோர்வே இப்ப இல்ல," என்று ஈ தன் வயிற்றைத் தடவிக்கொண்டது.

"அப்போ பாஸ். ஊர்ல இருக்கிற எல்லா மாட்டுக்கும் தினமும் ரெண்டு வேளை போடலாம்."

எருமை தலையைத் தூக்கிக் கேட்டது. "நானும் ஒரு வார்த்தை சொல்லலாங்களா?"

கொசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எப்படிச் சொல்ல முடியும்? ரத்தம் உன்னோடது. உன் பக்கம்தான் பேசுவ. கமிட்டின்னா நடுநிலையா இருக்கணும்."

எருமை அசைபோட்டபடியே தலையாட்டியது.

"அதுவும் நியாயந்தான். நான் பேசல. என் வால் பேசட்டும். அதுல ரத்தம் ரொம்பக் கம்மி."

"தாராளமாப் பேசட்டும்," என்று கமிட்டி எருமையின் முதுகில் வசதியாக உட்கார்ந்தது.

வால் சுருக்கமாகத்தான் பேசியது. கமிட்டியில் மறுத்துப் பேச யாரும் மிச்சமில்லை.