எந்தக் கால்?

"டேய், உனக்கு எந்தக் காலுடா வலிக்குது?"

ஃபோர்மேன் கேட்டதும் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கம்பி சுற்றிக்கொண்டிருந்த ஒல்லி சட்டென்று இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"இடது கால்ணே."

"போன வாரம் வலது காலை இழுத்துக்கிட்டுப் போனே?"

பழுதான மோட்டார்களைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றித் தரும் பட்டறை அது. ஒல்லி கம்பி சுற்றுவதில் கெட்டிக்காரன். பொய் சொல்வதில்தான் மகா மட்டம்.

"வலி இடம் மாறுதுண்ணே."

மூலையில் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த மாமா கெக்கெக்கே என்று சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார், இல்லாவிட்டால் பல் செட் வெளியே வந்துவிடும். மேலேயும் கீழேயும் எல்லாமே கட்டின பல்.

"காலுதானே, விடுப்பா! நல்லவேளை, மனசு சரியில்லைன்னு வந்து நிக்கலை. அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். ஆம்பளைன்னா முழுங்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒல்லியும் சிரித்துவைத்தான். உள்ளுக்குள் அழுகை முட்டியது.

உண்மையில் அவன் காலில் ஒரு கோளாறும் கிடையாது. கொஞ்ச நாளாகக் காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை நடுங்கிக் கம்பி அறுந்துபோகும். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுவான். ஒருநாள் துணிந்து மனநல டாக்டரம்மாவிடம் போய்விட்டான். அவர் பொறுமையாகக் கேட்டார், மருந்தும் கொடுத்தார். தூக்கம் வந்தது. தூக்கம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அதை வெளியே சொல்ல முடியுமா? டாக்டரம்மா இருப்பது இரண்டாவது மாடி. முதல் மாடியில் எலும்பு டாக்டர். மூட்டு வலி என்று சொல்லிவிட்டான். ஆம்பளைக்கு வலிக்கலாம், ஆனால் எலும்பில்தான் வலிக்க வேண்டும்.

அன்றிலிருந்து பட்டறையிலும் நொண்டல், வீட்டிலும் நொண்டல். பாவம் மனைவி, தினமும் தைலம் தேய்த்துவிடுகிறாள். அவள் எந்த முழங்காலைப் பிடிக்கிறாளோ, அன்றைக்கு அதுதான் வலிக்கிற கால்.

"அண்ணே, இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும். டாக்டர் வரச் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"மார்க்கெட் முனையில, முதல் மாடி எலும்பு டாக்டர்ணே."

ஃபோர்மேன் ஒரு வயரைக் கடித்து, உறையை நறுக்கென்று உரித்துத் துப்பினார். வெள்ளிக்கிழமையானால் பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர், மற்ற நாளில் இப்படித்தான்.

"ஸ்டோர் ரூமுக்கு வா. தனியாப் பேசணும்."

ஒல்லி நொண்டிக்கொண்டே பின்னால் போனான். ஒன்று வேலை போகும், இல்லாவிட்டால் மானம் போகும். டாக்டரம்மாவும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டான்.

"அண்ணே, இனிமே போகலைண்ணே. கால் சரியாயிடுச்சு," என்றான் உள்ளே நுழைந்ததும்.

"எந்தக் கால்?"

ஒல்லி குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஃபோர்மேன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். காலமெல்லாம் மோட்டார் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவர். அவர் தாழ்த்திய குரலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"மடையா! அந்த எலும்பு டாக்டர் காலி பண்ணிட்டுப் போயி எவ்வளவோ நாளாச்சு. இப்ப முதல் மாடியில இருக்கறது பல் டாக்டர். போர்டைக்கூடவா பார்க்கலை?"

"நான்... தலையைக் குனிஞ்சுக்கிட்டே படியேறிடுவேண்ணே."

"தெரியும். நானும் அப்படித்தான் ஏறிக்கிட்டிருந்தேன்."

ஒல்லி நிமிர்ந்து ஃபோர்மேனின் கன்னத்தைப் பார்த்தான்.

"அண்ணே... அப்ப உங்க பல் வலி?"

"இந்தப் பல்லுக்கு என்னடா கேடு? வயரே உரிக்குது! ஒருநாள் டாக்டரம்மாவே கேட்டுட்டாங்க, 'இங்க வந்தும் எதுக்குக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க'ன்னு."

ஒல்லி சிரித்துவிட்டான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எந்தக் குழாயையும் திறக்கத் தோன்றவில்லை.

ஃபோர்மேன் அவன் தோளில் தட்டினார். "நடுவுல விட்டுடாதே. வந்த தூக்கம் போயிடும். ஒழுங்காப் போய்க் காட்டு. ஆனா இந்த நொண்டறதை மட்டும் விட்டுட்டுப் பல் வலின்னு சொல்லிடு. ஒரே வாய்தான், எந்தக் கால்னு எவனும் கேக்கமாட்டான்."

கதவைத் திறந்தார்கள். வாசலிலேயே வார்னிஷ் மாமா, கையில் பிரஷோடு நின்றுகொண்டிருந்தார்.

இருவருக்கும் உயிரே போய்விட்டது. மாமா காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிரஷைக் கீழே வைத்தார். மெதுவாகக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ரொம்ப நாளாப் பல்லு வலிதான்டா. இன்னிக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போறியா?" என்றார், ஒரு பல்கூடச் சொந்தமாக இல்லாத வார்னிஷ் மாமா.