பூட்டு மூடி

தரையெல்லாம் வெள்ளை மாத்திரை. நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பொடிசு ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் அவள் பாய்ந்து பிடுங்கினாள்.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். நல்லவேளை, ஒன்றுமில்லை. குழந்தை வீல் என்று அலறியது.

"மாமா! மறுபடியும் மாத்திரை பாட்டிலை மூடாம வச்சுட்டீங்களா?"

மாமனார் குற்றவாளி மாதிரி எழுந்து நின்றார். "மறந்துட்டேம்மா."

"எத்தனை தடவை சொல்றது? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அவர் குனிந்து மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த பாட்டிலின் மூடியே அவள் செய்ததுதான். குழந்தைகளால் திறக்கவே முடியாத மூடி. இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருக வேண்டும். டிசைன் படிப்பின் கடைசி வருஷத்தில், மடியில் கைக்குழந்தையோடு மாய்ந்து மாய்ந்து வரைந்தது. கல்லூரியில் ஒரு அறை நிறைய வாண்டுகளை விட்டுத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். கடித்தார்கள், தரையில் அடித்தார்கள், அழுதார்கள். ஒருத்தராலும் முடியவில்லை. முதல் பரிசு! அந்த மூடியைப் பார்த்துத்தான் கம்பெனியில் வேலையே கொடுத்தார்கள்.

அவள் வகுப்புக்குப் போன நாளெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் இதே மாமனார்தான். மாதிரி மூடி வீட்டுக்கு வந்த அன்றே தன் பிரஷர் மாத்திரையை அதற்கு மாற்றிக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மருமக பண்ணது" என்று பாட்டிலை நீட்டாத குறை.

கேஸை இரண்டு தரம் பார்த்து அணைப்பவர், பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பவர், இந்த ஒரு மூடியை மட்டும் எப்படி மறக்கிறார்?

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "உங்கப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்!"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

"சரி விடு. இனிமே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெளியூர் போகப் பெட்டி கட்டப் போய்விட்டான்.

குழந்தைக்குத் தும்மல் வந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவன், இன்றைக்கு ஏன் வாயைத் தைத்துக்கொண்டான்? அப்பாவும் பிள்ளையும் என்ன கூட்டு?

அவளே மூடியை 'டக்'கென்று சத்தம் வரும்வரை திருகி, பாட்டிலை அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது மேனேஜரிடமிருந்து போன்.

"உன் மூடிக்கு அச்சு வெட்ட அனுப்பறேன்மா. அப்புறம் ஒரு கோடுகூட மாத்த முடியாது. வயசானவங்க சுலபமா திறக்கறாங்கல்ல?"

"எங்க மாமனார் தினமும் திறக்கிறார் சார். ஒரு கஷ்டமும் இல்லையாம்..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளறையில் மாமனார் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியிருந்தார். மூடிமேல் துண்டைச் சுற்றி அழுத்தினார். விரல்கள் நடுங்கின. மூடி அசையவில்லை. மகனின் அறைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். அவன்தான் ஊரில் இல்லையே.

பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தார். டம்ளரில் இருந்த வெறும் தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

தினம் காலையில் கணவன் எதற்காக அப்பாவின் அறைக்குள் ஒரு நிமிஷம் போய்விட்டு வருவான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் திறந்து கொடுத்ததை அவர் எப்படி மறுபடி மூடுவார்? மூடினால் ராத்திரி மாத்திரைக்கு யார் திறப்பது?

"என்னம்மா, லைன்ல இருக்கியா? அனுப்பவா?"

"வேண்டாம் சார். மூடி சரியில்ல. மறுபடி பண்றேன்."

"விளையாடறியா? பரிசு வாங்கின மூடிம்மா! மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நானே வந்து சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாமா, மாத்திரை போட்டாச்சா?"

"ஓ, போட்டாச்சே!" காலி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "உன் மூடி இருக்கே, தொட்டா திறக்குதும்மா! ஆபீஸ்ல எவனாவது குறை சொன்னா என்னைக் கூட்டிட்டுப் போ. நான் வந்து சாட்சி சொல்றேன்."