அசனா வீட்டுப் பேணி

றஹ்மா பள்ளிவாசல் அரிசிப் பேணிக்குள் மணலைப் போட்டாள்.

ஊரார் அரிசியில் மண் விழுந்துவிடக் கூடாதே என்று பொலித்தீன் சொப்பின் பேக்கில் இறுக்கிக் கட்டித்தான் போட்டாள். அதற்கு மேல், வீட்டில் மிச்சமிருந்த இரண்டு பிடி அரிசியைத் தூவினாள். பார்ப்பவர் கண்ணுக்கு அது நிறைந்த பேணி.

"உம்மா, இது பாவமில்லையா?" மகள் ஷிஃபானா கேட்டாள்.

"வாயப் பொத்து. ஞாயித்துக்கிழமை உன்னப் பேசி முடிக்க வாறாங்க. வெறும் பேணியக் குடுத்தா மாப்புள வீட்டுல என்ன கதைப்பாங்க?"

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குறுகிய ஒழுங்கையில் அது பழைய வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து, பள்ளி கொடுத்த பால்மாத் தகரப் பேணியில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளி வேலைகளைப் பார்க்கும் அபூதாஹிர் நானா வந்து பேணிகளை எடுத்துப் போவார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பேணியைத் திருப்பித் தருவார். அரிசி, இல்லாத வீடுகளுக்குப் போகும். எந்த வீடு என்று மட்டும் அவர் மூச்சு விடமாட்டார்.

பாலையூற்றிலிருக்கும் புஷ்பவதி அக்கா ஒருத்திதான், "போன கிழமை எங்கட வீட்டுல பள்ளி அரிசிச் சோறு" என்று தானாகவே சொல்லித் திரிவாள். அந்தத் துணிச்சல் றஹ்மாவுக்கு ஏது? மூட்டை இறக்கப் போன புருசன் நஸ்ரி இடுப்புப் பிடித்துப் படுக்கையில் விழுந்து மூன்று கிழமை. அது ஒழுங்கைக்குத் தெரியும். அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது என்பது தெரியாது.

தெரியவும் கூடாது. முக்கியமாக, பக்கத்து வீட்டு அசனாவுக்கு. மாப்பிள்ளையின் தாய் அவள்தான்.

பேணி விசயத்தில் அசனா பொல்லாதவள். ஒழுங்கையிலேயே அவள் பேணிதான் பாரம். அபூதாஹிர் நானா இரண்டு கையாலும் தூக்குவார். அந்தப் பெருமையில் மற்றவர்கள் பேணியையும் அவள் தூக்கிப் பார்ப்பாள். போன கிழமை பஹ்மியாவின் பேணியைத் தூக்கிவிட்டு, "இதென்ன புள்ள, காத்த அடைச்சா குடுத்தனுப்புற?" என்று நடு ஒழுங்கையில் வைத்துச் சிரித்தாள். பஹ்மியா அன்றிலிருந்து வெளியே தலைகாட்டவில்லை.

அபூதாஹிர் நானாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நினைத்தது போலவே அசனாவும் கேட்டடிக்கு வந்துவிட்டாள். றஹ்மாவின் பேணியைக் கையில் வாங்கி ஒருமுறை ஏற்றி இறக்கினாள்.

"நல்ல பாரம். சம்பந்தம் செய்யிறண்டா இப்பிடி வீட்டுலதான் செய்யணும்."

றஹ்மா சிரித்து வைத்தாள். அபூதாஹிர் நானா இரண்டு பேணியையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

அதன் பிறகுதான் முழுப் பயமும் வந்தது. பேணிகளைப் பள்ளியில் எங்கே வைத்துக் கொட்டுவார்கள்? ஜும்ஆத் தொழுகைக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னாலா? மணல் பை பாயில் விழுந்தால், "இது யார்ட பேணி?" என்று ஒருவராவது கேட்கமாட்டாரா? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவளுக்குக் கனம் பேணியில் இருந்தது.

தொழுதாள். என்ன ஓதினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒழுங்கையில் யாராவது கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் யன்னலுக்கு ஓடினாள். "என்ன றஹ்மா, நிண்ட இடத்துல நிக்கிறாயில்ல?" என்று படுக்கையிலிருந்து நஸ்ரி கேட்டான். அவனுக்கும் சொல்லவில்லை.

அசருக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.

அபூதாஹிர் நானா பேணியை வாசற்படியில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு வருசமா நான் ஒரு பேணியும் மாத்திக் குடுத்ததில்ல புள்ள. இப்ப கண் மங்கிட்டு. மாறியிருந்தாக் கோவிக்காம நீங்களே மாத்திக்கொள்ளுங்க."

போய்விட்டார். றஹ்மா பேணியைத் தூக்கினாள். வெறுமையாக வர வேண்டியது பாரமாக இருந்தது.

மணலை அப்படியே திருப்பித் தந்துவிட்டார்! மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை அரிசி. மேலே ஒரு பருப்புப் பை. விரலை விட்டுத் துழாவினாள். அடிவரைக்கும் அரிசிதான்.

அப்படியே படியில் குந்தி அழுதாள். ஷிஃபானா பேணியை வாங்கி அடியைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஆணியால் கீறிய அடையாளம் உண்டு.

"உம்மா, இதுல பிறை கீறியிருக்கு. இது நம்மடது இல்ல. அசனா மாமிட பேணி."

"அப்ப நம்மடது?"

"மாமிட வீட்டுக்குத்தான் போயிருக்கும்."

மணலோடா? யா அல்லாஹ்! கையிலிருந்த பேணி ஏன் நிறைந்திருக்கிறது என்று யோசிக்கவும் றஹ்மாவுக்கு அவகாசமில்லை. முந்தானையால் அதை மூடிக்கொண்டு ஓடினாள்.

அசனா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். அவள் முந்தானைக்குள்ளும் ஒரு பேணி. முகத்தில் ஈயாடவில்லை.

"ராத்தா, பேணி மாறிட்டு."

"ஓம் புள்ள, மாறிட்டு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராமல் மாற்றிக்கொண்டார்கள். றஹ்மா தன் பேணியைத் திறந்தாள். அதே அரிசி. அதே பருப்புப் பை. மணலைக் காணவில்லை.

தப்பித்துவிட்டாள். பேசாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் "நல்ல பாரம்" என்று காலையில் கேட்ட சொல் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

"ராத்தா, உங்கள ஏமாத்தி எனக்குச் சம்பந்தம் வேணாம். இந்த அரிசி நான் போட்டதில்ல. நான் போட்டது மணல். ஞாயித்துக்கிழமை நீங்க வராட்டியும் நான் குறை சொல்லமாட்டன்."

அசனா ஒழுங்கையை அங்கும் இங்கும் பார்த்தாள். றஹ்மாவின் கையைப் பிடித்து இழுத்து, கேட்டைச் சாத்தினாள்.

"மெல்லக் கதை. மணலெண்டாலும் பரவாயில்ல புள்ள. மூணு மாசமா நான் போட்டுக் குடுக்கிறது கல்லு."