கோட்டை வாசலில் வேலய்யன்

கண்புரை எடுத்த பிறகு சேவுகன் முதலில் தேடிப் போனது அந்த விளையாட்டைத்தான். கம்ப்யூட்டரில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடுவது, ஆனால் படம் கிடையாது. கோட்டை, குதிரை, சண்டை எல்லாமே எழுத்துதான். எழுத்து மங்கியதும் யாரிடமும் சொல்லாமல் விட்டுப் போனவர். இத்தனை வருஷத்தில் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. புதுப் பெயரில் நுழைந்து, தான் வேலய்யன் என்ற பெயரில் காவல் காத்த கோட்டை வாசலில் போய் நின்றார். இப்போது அங்கே அல்லி காவல். எந்த ஊர்ப் பெண்ணோ, முகம் பார்த்ததில்லை. அவரை அப்பா என்று கூப்பிட்டவள்.

“நான்தான் வேலய்யன். கதவத் திற தாயி” என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“அப்பா செத்துட்டாரு. பதினாறாம் நாள் காரியமும் இங்கயே செஞ்சாச்சு.”

“எவன் சொன்னான்? உசுரோடதான் இருக்கேன்!”

“இப்படித்தான் முன்னாடியும் ரெண்டு பேரு வந்தானுங்க. எவன் வந்து என்ன பேரச் சொன்னாலும் நம்பாத, திறக்காதன்னு சொல்லிக்குடுத்ததே அவருதான். போய்யா, வேற கோட்டையப் பாரு.”

அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் திறந்துவிடுவாள். பாதி தட்டியவர், நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்தார்.

“சரி தாயி, திறக்காத” என்று எழுதினார்.