யாரும் தடுக்கவில்லை

பெரியாற்று அணை வேலை தொடங்காத காலம். பண்ணையை விட்டால் வேறு பிழைப்பில்லை.

“கூலி நெல்லுல ஒரு படி கூட்டிக் குடுங்கய்யா. புள்ளைக்குக் கஞ்சி பத்தலை,” என்றான் என் பண்ணையாள் பங்கிராஸ்.

“கட்டுபடியாகலைன்னா வேற பண்ணைக்குப் போ. ஆளைக் கட்டிவச்சு வேலை வாங்குற குடும்பமில்லை இது,” என்றேன்.

மனைவி, குழந்தையோடு மார்க்கையன்கோட்டைப் பண்ணைக்குப் போனான், பிறகு சின்னமனூர்ப் பண்ணைக்கு. அறுப்பு முடியுமுன் இருவராகத் திரும்பினார்கள்.

“புள்ளை எங்கடா?”

“பசி தாங்கலைய்யா, போயிருச்சு. எங்கன போனாலும் இதே கூலிதான் சொல்றாக. இங்கனயே இருந்துக்கிறோம்.”

“இரு. நான் கூப்பிடலை, நீயாத்தான் வந்திருக்கே.”

அந்த இரண்டு பண்ணைகளும் என் மருமகன்களுடையவை. யாரும் கூலியைக் கூட்டுவதில்லை என்று மகள்களின் நிச்சயத்தில் தாம்பூலம் மாற்றும்போதே பேசி முடித்திருந்தோம். தாம்பூலத்தின் மேல் சொன்ன சொல்லை மீறலாமா?