எட்டாவது கிணறு

"எட்டாவதுல பொட்டுத் தண்ணி இல்லையாம். அம்புட்டுக் கஷ்டப்பட்டு எறங்கினதெல்லாம் வீணுன்னு சொல்றாக," என்றாள் மனைவி ரிஸ்வானா, போனைப் பார்த்தபடி.

அப்துல் வாஹித் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். "வேற யாரு என்ன சொல்றாக?"

"'ஏழு கிணத்துல ஆசை காட்டிட்டு எட்டாவதுல மோசம் பண்ணிட்டான்'னு இன்னொருத்தர். ஒத்தை ஸ்டார்தான் போட்டிருக்காரு."

வாஹித் கிணறு வெட்டுகிறவன் இல்லை. கிணற்றை வைத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தவன். அந்தக் காலத்து விளையாட்டு மாதிரியே பச்சை எழுத்தும் கட்டம் கட்டமான படமுமாக, ஒரு குட்டி நீர்மூழ்கி கிணறு கிணறாக இறங்கி ஊற்றைத் தேடிப் போகும். ராப்பகலாக உட்கார்ந்து செய்து இணையத்தில் ஏற்றினால், ஆடியவர்கள் எல்லாரும் சேர்ந்து அடித்துத் துவைக்கிறார்கள்.

பிழைப்புக்கு அவன் பார்த்தது வேறு வேலை. உத்தமபாளையம் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் போர்வெல் வற்றினாலும், வயரில் கேமராவைக் கட்டிக் குழிக்குள் இறக்கி, ஊற்று இருக்கிறதா இல்லையா என்று டிவியில் காட்டுவான். "இல்லண்ணே" என்று சொல்லிச் சொல்லியே வாய் புளித்துப்போனது. கடைசியாகப் போனது தேவாரத்தில் தங்கப்பாண்டியனின் திராட்சைத் தோட்டத்துக்கு. அடி ஆழத்தில் கேமரா பாறையில் சிக்கி, வயரும் அறுந்து, உள்ளேயே தங்கிவிட்டது.

"தண்ணி இல்லேன்னா தோட்டத்த வந்த வெலைக்குக் குடுத்துட்டுத் திருப்பூருக்குத்தான் போகணும் தம்பி," என்று அந்த மனுஷன் வரப்பில் உட்கார்ந்து அழுதது இன்னும் வாஹித்தின் காதிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் அவர் போன் செய்தால்கூட எடுக்கத் தைரியம் வரவில்லை.

புதுக் கேமரா வாங்க வக்கில்லை. இனி விளையாட்டுதான் சோறு என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் குழிக்குள் எடுத்த வீடியோக்களையே படமாகப் போட்டிருந்தான். எட்டாவது கிணறு தேவாரத்துக் குழி; ஊர்ப் பேரையும் அப்படியே போட்டிருந்தான். ஆள் சேர்க்கிற அவசரத்தில், "நம்ம ஊர்க் கிணறெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியுது, பாருங்க" என்று போனிலிருந்த விவசாயிகள் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பும் தட்டிவிட்டான்.

"இந்தா, ஞானசெல்வி இன்னைக்கும் ஆஜர்," என்று ரிஸ்வானா சிரித்தாள். "'இன்னைக்கும் காஞ்சுதான் கெடக்கு. நாளைக்குப் பாப்போம்'னு எழுதியிருக்கா. தெனமும் இதே பாட்டுத்தான். இந்தப் பிள்ளைக்கு வேற வேலையே இல்லையா?"

"அவளுக்காவது நாளைக்குப் பாப்போம்கிற தெம்பு இருக்கே. எனக்கு அதுவும் போச்சு," என்றான் வாஹித்.

கொச்சியில் ஒரு கம்பெனி விளையாட்டை வாங்கிக்கொண்டு வேலையும் தருகிறேன் என்றிருந்தது. ஆனால் போனில் பேசியவர் கறாரானவர். கடைசிக் கிணற்றை மாற்று, ஆடியவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதட்டும், அப்புறம் பேசலாம் என்று முடித்துவிட்டார்.

"அதுல ரெண்டு குடம் தண்ணிய ஊத்துனா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"இல்லாத தண்ணிய நான் யாருக்கும் காட்டுனதில்ல ரிஸ்வானா. தொழில்ல ஒரு பொய் சொன்னதில்ல."

"தொழில் எங்கன இருக்கு? கேமராவே குழிக்குள்ள கெடக்கு. இது வெளையாட்டுங்க. வெளையாட்டுல ஒரு பொய் சொன்னா யாரு குடி முழுகப் போகுது?"

வாஹித் எழுந்து உட்கார்ந்து, கூடலூர்க் கிணற்று வீடியோவிலிருந்து தண்ணீரை வெட்டி எடுத்தான். எட்டாவது கிணற்றின் அடியில், சிவப்புப் பாறை விரிசல் விட்ட இடத்தில் அதை ஒட்டினான். ஊற்று குபுகுபுவென்று பொங்கியது. நீர்மூழ்கி மிதந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் தலைகீழ். கடைசியில் தண்ணீரைப் பார்த்ததும் அழுதேவிட்டேன் என்று ஒருவர், இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவில்லை என்று இன்னொருவர். ஐந்து ஐந்து ஸ்டாராக வந்து விழுந்தன. கொச்சிக்காரர் அவராகவே கூப்பிட்டு, எப்போது கிளம்பி வருகிறீர்கள் என்று கேட்டார்.

"ஞானசெல்வி என்ன எழுதியிருக்கா?"

"அதுதாங்க தெரியல. இன்னைக்கு அவளக் காணோம்."

வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. வாஹித் எட்டிப் பார்த்தான். தங்கப்பாண்டியன்! குழியைக் கேமராவால் அடைத்துவிட்டுப் போனதற்குச் சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தான்.

"வாங்கண்ணே... நானே வந்து பாக்கணும்னுதான்..."

"அட, வாயத் தொற மொதல்ல!" கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அல்வாவை எடுத்து அவன் வாயில் திணித்தார் தங்கப்பாண்டியன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "தோட்டத்த வாங்குற பார்ட்டி காலையில அட்வான்ஸோட வந்து உக்காந்துட்டாக. இந்தத் தோட்டம் விக்கிறதுக்கில்லன்னு வெரட்டி விட்டுட்டேன். வர்ற வழியில புது மோட்டாருக்கும் சொல்லிட்டு வாரேன்."

"என்னண்ணே ஆச்சு? மழை கிழை எதுவும்..."

"மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்மக ஞானசெல்வி தெனமும் லேப்டாப்புல தொறந்து காட்டும், நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." அவர் வாஹித்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒங் கேமரா இன்னும் உள்ள உசுரோடதான் கெடக்கு தம்பி, எங்குழியில தண்ணி வந்துருச்சு!"